தள்ளு சின்னண்ணன்

மருதாசலம் ஒரு படி ஜவ்வரிசியை மேசைமேல் கொட்டி, உள்ளங்கையால் பரப்பிவிட்டு, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெள்ளை வெளேரென்று கிடந்த மணிகளுக்கு நடுவே அங்கங்கே கடுகு சிந்தியது போலக் கறுப்பு. ஒரு லோடு முழுக்க இப்படியே இருந்ததாம். சேலத்து வியாபாரி வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, விரதக்காரர்கள் சாப்பிடுகிற பண்டத்தில் இதென்ன எள்ளா என்று ஆள்விட்டுக் கேட்டானாம். ஜவ்வரிசி செய்கிற அவருடைய சேகோ மில்லின் ஆபீஸ் அறையில் அன்று பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், மீதியில் பெரும்பாலோர் லாரி முதலாளிகளின் பிள்ளைகள். ஊரையே ஒரு கை பார்க்கிற அந்த ஆட்கள் அத்தனை பேரும் பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி தலையைக் குனிந்திருந்தார்கள். சின்னண்ணன் மட்டும், உட்கார இடமிருந்தும், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த அந்த மில்லில் ஜவ்வரிசி காயப்போட மூன்று ஏக்கருக்கு சிமென்ட் களம் இருந்தது. ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வரத்து நின்றுவிட்டால் ஆடி கழியும்வரை அதில் காக்காய்கூட இறங்காது. அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே கார்ட் என்கிற குட்டி வண்டிகளின் பந்தயம் நடக்கும். சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்த நாமக்கல்காரர்கள் சிலருக்குக் கை துறுதுறுத்து, பட்டறையில் மிச்சப்பட்ட குழாய்களை வளைத்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு சட்டம் பற்றவைத்து, பழைய ஸ்கூட்டர் இஞ்சினை இடுப்புக்குப் பக்கத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்ததுதான் ஆரம்பம். ஸ்கூட்டர் இஞ்சின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எரிந்தது போக மிச்சத்தை அது புகைக்குழாய் வழியாகத் துப்பிக்கொண்டே போகும். எண்பதாம் வருஷத்திலிருந்து ஆறு வருஷமாகத் துப்பியதை எல்லாம் சிமென்ட் குடித்துவைத்திருந்தது. என்ன போட்டுக் கழுவினாலும் வெயில் ஏற ஏற அது மேலே கசிந்து ஜவ்வரிசியில் ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, நான் வெளையாட்டுக்கு ஆவாதவன் இல்லீங்க," என்றார் மருதாசலம். "ஆனா அந்தக் களத்துலதான் என்ற பொழப்பு காயுது. ஆயில் கக்கற இஞ்சின் இனி அதுல ஏறக்கூடாதுங்க. ஃபோர் ஸ்ட்ரோக்குல வாரீங்களா, கதவு தெறந்தே இருக்கும்."

கொஞ்ச நேரம் முணுமுணுப்பாக இருந்தது. பிறகு ஒருவர் பம்புசெட்டுக்கு வரும் சின்னப் பெட்ரோல் இஞ்சினைப் பற்றிச் சொன்னார். அதற்கு ஆயில் தனியாக வயிற்றில் கிடக்கும், பெட்ரோல் தனியாக எரியும், ஒரு சொட்டு கீழே விழாது. எல்லோரும் ஒரே இஞ்சினாக வாங்கிப் பூட்டினால் யார் ஓட்டத் தெரிந்தவன் என்பதும் தெரிந்துவிடும் என்றார். கயிற்றைச் சுண்டினால் போதும், கிளம்பிவிடும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் கதவோரம் உட்கார்ந்திருந்த ஆண்டி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "அப்பாடா! அப்ப இனித் தள்ள வேண்டாமா? என்ற இடுப்பு தப்பிச்சுதுங்க சாமி!" அறையே சிரித்தது. சின்னண்ணனும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

ஆண்டியும் அவரும் ஒரே வேலைக்காரர்கள். ஸ்கூட்டர் இஞ்சினுக்கு உதைக்கிற கிக்கர் உண்டுதான். தரையோடு தரையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவன் அதை எங்கே உதைப்பது? வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆகவே கொடி விழுந்ததும் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு ஆள் குனிந்து ஓடித் தள்ள வேண்டும். ஓட்டுகிறவன் கியரில் போட்டுக் கிளட்ச்சைப் பிடித்திருப்பான். வேகம் கூடியதும் விடுவான், இஞ்சின் பிடித்துக்கொண்டு சீறும். பாதிப் பந்தயம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதனால் மைக்கில் பேரை ஜோடியாகத்தான் சொல்வார்கள். "ஓட்டு தண்டாயுதபாணி, தள்ளு சின்னண்ணன்!" ஜெயித்தால் ஓட்டினவனுக்கு மாலை, தள்ளினவனுக்குத் தலையில் துண்டு கட்டுவார்கள். சின்னண்ணன் தன் பேரை ஒலிபெருக்கியில் கேட்டது உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான். வரி பாக்கி வைத்தால்கூட ஊரில் தண்டோரா போட்டுப் பேர் சொல்வார்கள். அவர் வரியை ஒழுங்காகக் கட்டிவிடுகிற மனுஷர்.

தண்டாயுதபாணி அவருடைய மச்சினன், சௌந்திரத்தின் தம்பி. சௌந்திரம் கல்யாணமாகி நாலாம் வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அப்போது பாணி அரை டவுசர் போட்டுக்கொண்டு பந்தக்காலைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான். பிள்ளை இல்லை. ஒரு குழந்தை இருந்திருந்தால் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும், மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும், அப்படி இப்படி என்று இரண்டு வீட்டுக்கும் கால் நடமாட்டம் இருந்திருக்கும். அது இல்லாமல் போனதும் மாமனார் வீடு ஒரேயடியாக அறுத்துக்கொள்ளவும் இல்லை, ஒட்டிக்கொள்ளவும் இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்த வீட்டிலிருந்து பத்திரிகை தபாலில் வர ஆரம்பித்தது. மறுகல்யாணம் பேசி வந்தவர்களிடம் சின்னண்ணன் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்ததில், ஒரு கட்டத்தில் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து வீட்டில் அவரும் இரண்டு மாடுகளும் கிணற்று மோட்டாரும் மட்டும். மோட்டார் நின்றால் திட்டுவார், ஓடினால் சும்மா இருப்பார். வாரத்தில் அவர் வாய் திறப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பாணி ஆளாகி, மீசை வைத்து, டெம்போவில் ஒரு கார்ட் வண்டியை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து நின்றான். நாமக்கல்லில் சொந்தமாக பாடி பட்டறை போட்டிருந்தான். "தள்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க மச்சான்," என்றான். "வேற ஆரையும் நம்பி முதுகக் காட்ட முடியாதுங்க." அன்றிலிருந்து பந்தயம் நடக்கிற ஞாயிறெல்லாம் அவருக்கு மறுவீட்டு விருந்து மாதிரி ஆகிவிட்டது. பெட்ரோல் வாங்குவது, அதில் ஆயில் கலப்பது, கேனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் சௌந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குனிந்து தள்ளும்போது பாணியின் பின்கழுத்தில் அவன் அக்காவுக்கு இருந்த அதே சுழி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஓடுவார். இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நினைப்பார்கள்?

போன வைகாசியில் அப்படி ஓடும்போது முழங்கால் மடங்கிக் களத்தில் குப்புற விழுந்தார். மற்ற வண்டிகள் சீறிக்கொண்டு போன பிறகும் பாணியின் வண்டி கோட்டிலேயே கிடந்தது. அவன் இறங்கி வந்தான். தூக்கிவிட்டான், கலர் சோடா வாங்கிக் கொடுத்தான், பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சின்னண்ணன் அதை அன்றைக்கே மறந்திருப்பார். திட்டாததுதான் ஒரு வருஷமாக உள்ளே கிடந்து அரித்தது. இப்போது மருதாசலம் அறையில் எல்லோரும் இஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பாணி தன் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்தார்.

இருந்தாலும் இஞ்சின் வாங்கச் சேலம் போனபோது பாணி அவரையும் கூட்டிக்கொண்டு போனான். "நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க மச்சான்," என்று சொல்லித்தான் கூப்பிட்டான். செவ்வாய்ப்பேட்டையில் பம்புசெட்டு விற்கிற கடை. கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு இஞ்சினை எடுத்து மேடைமேல் வைத்தார். ஒன்றில் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நேராகப் பல்சக்கரத்தை மாட்டிச் சங்கிலி போட்டால் இஞ்சினும் சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும், ஆகவே கோட்டில் நிற்கும் வண்டியைப் பழையபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். இன்னொன்றில் தண்டின் முனையில் வட்டமாக ஒரு டப்பா. "இதுல கிளட்ச் உள்ளயே இருக்குதுங்க," என்றார் கடைக்காரர். "கயித்த இழுத்தா இஞ்சின் நின்ன எடத்துலயே ஓடும். எக்ஸ்லேட்டர் மிதிச்சாத்தான் சக்கரத்தப் புடிக்கும். ஆளே தேவையில்லீங்க." பிறகு முதல் இஞ்சினைத் தட்டி, "இது எடை கம்மி. பந்தயத்துக்கு இதையும் எடுக்கறாங்க. என்ன, கெளப்பறதுக்கு ஒரு ஆளு நிக்கோணும்," என்றார்.

பாணி இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தான். "சொல்லுங்க மச்சான். எத எடுக்கலாம்?"

சின்னண்ணனுக்கு ஒன்றும் புரியாமல் இல்லை. எடை கம்மி என்று கடைக்காரரே எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதைச் சொன்னால் போதும். களத்து மாவுத்தூசியில் கிளட்ச் வழுக்கும் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். பாணி கேட்டுக்கொள்வான். இன்னும் ஐந்தாறு வருஷத்துக்குக் கவலை இல்லை. முழங்கால்தான் என்ன, தைலம் போட்டால் தாங்கும். தாங்காமல் இன்னொருதரம் விழுந்தால்? மற்றவர்கள் எல்லாரும் கயிற்றைச் சுண்டிக் காலால் மிதித்துப் போய்க்கொண்டிருக்க, இவன் ஒருத்தன் மட்டும் கோட்டில் கிடந்து திரும்பிப் பார்ப்பானே, அந்தப் பார்வையை நினைத்தார். அப்போதும் அவன் கலர்தான் வாங்கிக் கொடுப்பான்.

"கிளட்ச் வெச்சதையே எடுத்துக்க மாப்ள," என்றார்.

"செரீங்க," என்றான் பாணி. அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். ஏனுங்க, தூசியில வழுக்காதுங்களா என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம். அவன் முகத்தில் ஒரு பெரிய மூட்டை இறங்கினது போல இருந்ததைச் சின்னண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு, கடைக்காரர் மாட்டியிருந்த காலண்டரில் முருகனைப் பார்க்க ஆரம்பித்தார்.

இஞ்சினைச் சாக்கில் கட்டி இரண்டு பேருமாகத் தூக்கி நாமக்கல் பஸ்ஸில் ஏற்றினார்கள். பாணி பாதிவழியில் தூங்கிப்போனான். சாக்கு உருண்டுவிடாமல் சின்னண்ணன் இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தன்னை வேலையிலிருந்து நிறுத்தப்போகிற சாமானுக்கு இத்தனை பந்தோபஸ்தா என்று அவருக்கே சிரிப்பு வந்தது. ராசிபுரத்தில் அவர் இறங்கும்போது பாணி கண்ணைத் திறந்து, "ஞாயித்துக்கெழம முடிஞ்சா வாங்க மச்சான்," என்றான். முடிஞ்சா. போன வருஷம்வரை அவன் கேட்டது எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று. பஸ் போன பிறகும் அவர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதாக நினைத்து ஒருவர் வந்து நேரம் கேட்டார்.

அந்த ஞாயிறு காலையில் போகலாமா வேண்டாமா என்ற யோசனை அவரைப் பிடித்து ஆட்டியது. போனால் எங்கே நிற்பது? போகாவிட்டால் அதற்குப் பிறகு எப்போதுதான் போவது? அவனாகக் கூப்பிட இனி ஒரு காரணமும் இல்லை. சௌந்திரம் இருந்தால் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, பேசாமல் போங்க என்று தள்ளிவிட்டிருப்பாள். இப்படி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் யோசனை, குளிக்கும்போதும் யோசனை, கேனைக் கழுவிப் பெட்ரோல் ஊற்றும்போதும் யோசனை. கடைசியில் எல்லாருக்கும் முன்னால் போய்க் களத்தில் நின்றார்.

களம் கண்ணைக் கூசவைத்தது. மருதாசலம் இந்தத் தடவை ஆசிட்டையே ஊற்றித் தேய்க்கவைத்ததில், பழைய கறையெல்லாம் போய்ப் புதுக் களம் மாதிரி இருந்தது. தள்ளுகிறவர்கள் எல்லாரும் கொட்டகை நிழலில் கடலைக்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டி நடுநாயகமாக மல்லாந்து படுத்திருந்தான். "இங்க வாங்க, நம்முளுக்குப் பென்சன் குடுத்துட்டாங்கல்ல," என்று கூப்பிட்டான். சின்னண்ணன் கேனோடு நேராக வண்டிக்குப் போனார். பாணி அவரைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா மச்சான்," என்று டாங்க் மூடியைத் திறந்துவிட்டான். அவர் ஊற்றினார். இஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கயிற்றுச் சுண்டலில் உயிர் பெற்று, நின்ற இடத்திலேயே தடதடவென்று ஓடின. அவர் பழக்கத்தில் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பாணியும், அவர் கை வைக்க இடம் விட்டு, முதுகை முன்னால் சாய்த்தான். ஒரு நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு பாணி மெதுவாக நிமிர்ந்து சாய்ந்துகொண்டு, "சித்தெ ஓரமா நின்னுக்குங்க மச்சான், தூசி அடிக்கும்," என்றான்.

மைக்கில் பேர் வாசித்தார்கள். "தண்டாயுதபாணி, நாமக்கல்!" அடுத்த பேர் ராசு, எருமப்பட்டி. இடையில் இருந்த இடைவெளி மைக்குக்காரருக்கு மூச்சுவிடக்கூடப் போதாது. கொடி விழுந்தது, எல்லா வண்டிகளும் ஒன்றாக நகர்ந்தன, ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் விழவில்லை. நல்லதுதான். நல்லது என்று அவர் தனக்குத்தானே இரண்டுதரம் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் சுற்றிலோ நாலாம் சுற்றிலோ பாணி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தபோது அவன் வண்டிக்குப் பின்னால் நீலமாகப் புகை கிளம்பியது. ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "ஃபோர் ஸ்ட்ரோக்கு எங்காச்சு இப்படிப் பொகையுமா?" என்று மருதாசலம் சத்தம்போட்டார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. வாசனை வந்ததும் சின்னண்ணன் தன் கையை மோந்து பார்த்தார். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையில் இருந்த வாசனை அது. யோசனை யோசனை என்று இருந்த காலையில், கேனில் பெட்ரோல் ஊற்றினதும் ஆயில் டப்பாவை எடுத்து, வழக்கமான அளவு ஊற்றி, மூடியைப் போட்டுக் குலுக்கினது இப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. களத்தின் அந்தக் கோடியில் வண்டி இருமி இருமி நின்றுபோனது.

அவர் ஓடினார். யார் கூப்பிட்டது, முழங்கால் என்ன சொன்னது, ஒன்றும் தெரியவில்லை. போய், குனிந்து, இருக்கையின் முதுகில் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினார். வண்டி அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்படி லேசாக உருண்டது. இஞ்சினிலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை.

"தள்ளுனாப் புடிக்காதுங்க மச்சான்," என்றான் பாணி திரும்பாமல். "கிளட்ச்சு."

"தெரியும் மாப்ள."

தெரிந்துதான் தள்ளினார். இதை விட்டால் உன்னைப் பார்க்க வர எனக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது என்று கேட்க நினைத்தார். கைதான் தள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் பாணி பிரேக்கை மிதித்தான். இறங்கினான். ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றி, துணியில் பிடித்துப் பார்த்தான். நுனி கறுத்து எண்ணெய்ப் பசையாக மினுங்கியது. மோந்து பார்த்தான்.

"ஆயில் கலந்தீங்களா?"

"கை கலந்துருச்சு மாப்ள."

பாணி அவரையே பார்த்தான். கோபமா என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று சின்னண்ணனுக்குத் தோன்றியது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு வண்டி அவர்களை உரசுவதுபோலக் கடந்து போனது. அவன் பிளக்கைத் துடைத்து மாட்டினான், கயிற்றை இழுத்தான், மறுபடி இழுத்தான், இஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. உட்கார்ந்தான், போய்விட்டான்.

அவர் களத்தின் நடுவில் தனியாக நின்றார். நாலு பக்கமும் வண்டிகள் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஓரத்துக்குப் போக வேண்டுமானால் இடைவெளி பார்த்து ஓட வேண்டும். வெயில் மேலிருந்தும் சிமென்டிலிருந்தும் அடித்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரை, வளைவில் வைத்திருக்கும் டயரை விலகுவதுபோல விலகிப் போனார்கள். ஆண்டி கைதட்டிக் கூப்பிட்டான். மருதாசலம் துண்டை வீசினார். மைக்கில் அவர் பேர் வந்தது, களத்தை விட்டு வெளியே வரும்படி. அவர் அந்தக் கோடியிலிருந்து நீலப்புகையோடு திரும்பி வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாணி கிட்டே வந்தபோது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, அவரை நேராகப் பார்த்து, எதையோ சொல்லிக்கொண்டு போனான். உதடு அசைந்ததுதான் தெரிந்தது, இஞ்சின்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஓரம் போங்க என்றானா, அடுத்த ஞாயிறு என்றானா, அக்கா பேரைத்தான் சொன்னானா? அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வருவான், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று, எல்லோரும் கையைக் காட்டிக் கூப்பிடக் கூப்பிட, அவர் அங்கேயே நின்றார்.